ஐந்நூறு கிராம் தைரியம்

2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை ஒரு கைத்துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'நிர்பீக்'. 2012 டிசம்பர் 16 இரவு தில்லியில் ஓடும் பேருந்தில் சிதைக்கப்பட்ட பெண்ணுக்கு ஊடகங்கள் 'நிர்பயா' என்று பெயர் வைத்திருந்தன. இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றுதான்: அச்சமற்றவர். இறந்துபோனவளின் பெயருக்கு ஒரு மாற்றுச்சொல் தேடி, அதை இரும்பில் பொறித்தார்கள். .32 ரகம், ஆறு குண்டுகள், டைட்டானியக் கலவை, எடை ஏறத்தாழ 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். பெண்களின் கைப்பைக்கு ஏற்ற துப்பாக்கி என்றார்கள்.

எங்கள் காஞ்சிபுரத்தில் எதையும் பட்டோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்போம். 500 கிராம் என்பது ஜரிகை அதிகமில்லாத ஒரு பட்டுப்புடவையின் எடை. அந்தத் துப்பாக்கி வந்த பெட்டியும் எங்கள் கடைவீதியை நினைவூட்டக்கூடியது: மெரூன் நிறத்தில், நகைப்பெட்டி போல. ஏன் அப்படி என்று கேட்டபோது, இந்தியப் பெண்களுக்கு நகை பிடிக்கும் என்று தொழிற்சாலைத் தரப்பில் பதில் வந்தது.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் ஔவையார் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போனவர், நெய் பூசிப் பீலி சூட்டி அழகாக வைத்திருந்த அவனுடைய படைக்கலங்களைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பது புறநானூறு படித்த எல்லோருக்கும் தெரியும். புகழ்வது போன்ற குரலில், பளபளப்பாக இருக்கும் ஆயுதம் போருக்குப் போகாத ஆயுதம் என்று சொல்லிவிட்டு வந்த பெண் அவர். நகைப்பெட்டித் துப்பாக்கியையும் அவர் அதே குரலில்தான் பாராட்டியிருப்பார்.

அதை வாங்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். விண்ணப்பம், காவல்துறை விசாரணை, உயிருக்கு என்ன ஆபத்து என்பதற்கான காரணம் எல்லாம் வேண்டும். 'பெண்ணாக இருக்கிறேன், இரவில் வீடு திரும்புகிறேன்' என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? மணிப்பூரில் துப்பாக்கிகளால் குடும்பத்தை இழந்த பெண்களோடு பணியாற்றும் பினாலக்ஷ்மி நேப்ரம் அப்போதே இதைக் கண்டித்தார். பெண்களை ஆயுதம் ஏந்தச் சொல்வது அரசு தன் தோல்வியை ஒப்புக்கொள்வதுதான் என்பது அவர் வாதம். துப்பாக்கிகளுக்கு நடுவே வாழ்ந்தவர்களின் சொல் அது.

நான் துப்பாக்கி வாங்கவில்லை. அதன் ஏழைத் தங்கையை வாங்கினேன். வாங்கி நாற்பது நாளாகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் உருளை. எல்லோரும் பெப்பர் ஸ்பிரே என்கிறோம். பெயரில்தான் மிளகு, உள்ளே இருப்பது மிளகாய்ச் சாரம். வரமிளகாய் வறுக்கும்போது வீடே இருமுமே, அந்த நெடியை இறுக்கி அடைத்து வைத்தது போல. கண்ணில் பட்டால் இமை தானாக மூடும், மூச்சு முட்டும். இதற்கு உரிமம் தேவையில்லை.

வாங்கியதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தப் பருவத்தில் எனக்கு மாலை வகுப்புகள். ஓரிக்கையில் பேருந்தைவிட்டு இறங்கும்போது எட்டரை தாண்டிவிடுகிறது. வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. வழியில் இரண்டு தெருவிளக்குகள் எரிவதில்லை. ஒரே வாரத்தில் இருமுறை ஒரு மோட்டார் சைக்கிள் என் நடைக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. பிறகு போய்விட்டது. எதுவும் நடக்கவில்லை. 'எதுவும் நடக்கவில்லை' என்ற இந்த வாக்கியத்தைச் சொல்லாத பெண் நம்மில் யார்? நடக்காத ஒன்றுக்காக வழியை மாற்றுகிறோம், நேரத்தை மாற்றுகிறோம், சில சமயம் வேலையையே மாற்றுகிறோம்.

முதல் வாரம் முழுவதும், அதை எங்கே வைப்பது என்பதே கேள்வியாக இருந்தது. விடைத்தாள்கள், சாப்பாட்டு டப்பா, குடை இவற்றுக்கு அடியில் கிடந்தால் தேடி எடுக்கப் பத்து நொடி. வெளிப்பக்க ஜிப்புக்குள் என்றால் நான்கு நொடி. கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தால் ஒரு நொடி. பைக்குள் இருக்கும்வரை அது ஆயுதமே இல்லை. கைக்கு வந்துவிட்டாலோ பன்னிரண்டு நிமிடமும் வேறு நினைப்பு ஓடாது. முன்பு அந்த நடையில்தான் எனக்குக் கவிதையின் முதல் வரிகள் வரும். இந்த நாற்பது நாளில் ஒன்றுகூட வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியோடு பாலாற்று மணலுக்குப் போனேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். ஏழெட்டு அடி பாய்ந்தது. எதிர்க்காற்றாக இருந்தால் என் கண்ணுக்கே வரும் என்பதும் புரிந்தது. எதிரி வரும்போது காற்று எந்தப் பக்கம் வீசும் என்று யார் கேட்டுச் சொல்வது?

இரண்டாவதாக மாறியது என் கண். எதிரே வருகிறவர்களைத் தூரத்தால் அளக்க ஆரம்பித்திருக்கிறேன். தறியிலிருந்து எழுந்து டீ குடிக்க வரும் நெசவாளர், இரவு ஷிப்டுக்காகக் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கும் பையன்கள், எல்லோரும் இத்தனை அடி, அத்தனை அடி. ஒருநாள் இருட்டிலிருந்து ஒருவன் "வணக்கம் மேடம்" என்றான். என்னிடம் படித்தவன். நானும் வணக்கம் சொன்னேன். அப்போது என் கட்டைவிரல் மூடியின்மேல் இருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். தார் சுற்றியே வயதான விரல்களால் அதை உருட்டிப் பார்த்தார்.

"இன்னா வெலைடி இது?"

சொன்னேன்.

"ஒரு அட்டை ஊக்கு வாங்கியிருந்தா ஆயுசுக்கும் வந்திருக்கும்."

தமிழ்நாட்டில் பெண்கள் மறைத்து எடுத்துச்செல்லும் ஆயுதம் எது என்று கேட்டால் நிர்பீக்கும் இல்லை, ஸ்பிரேயும் இல்லை, ஊக்குதான். கூட்டமான டவுன் பஸ்ஸில் இரண்டு விரல்களுக்கு நடுவே திறந்து பிடித்த ஊக்கு. அம்மாவிடமிருந்து மகளுக்கும் அக்காவிடமிருந்து தங்கைக்கும் வாய்ச்சொல் இல்லாமலே கைமாறி வந்த கல்வி அது. "குத்தினா கத்துவானேம்மா?" என்றேன். "கத்த மாட்டான். கத்தினா ஏன் குத்தினாங்கன்னு பஸ்ஸே கேக்குமில்ல?"

அந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். ஊக்கின் கூர்மை அதன் முனையில் மட்டும் இல்லை. சுற்றி ஐம்பது பேர் இருக்கிறார்கள், கேட்பார்கள் என்பதிலும் இருக்கிறது. ஸ்பிரேயும் துப்பாக்கியும் யாருமே இல்லாத தெருவுக்காகச் செய்யப்பட்டவை. தெரு வெறிச்சோடித்தான் இருக்கும், விளக்கு எரியாது, கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதையெல்லாம் முடிவாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவை நம் பைக்கு வருகின்றன. ஊரின் பொறுப்பு அப்படியே சுருங்கி என் கட்டைவிரலுக்கு வந்துவிடுகிறது. நாளை ஏதாவது நடந்தால் 'ஸ்பிரே வைத்திருந்தாளே, ஏன் அடிக்கவில்லை?' என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதும் நாம் நினைப்பது போலில்லை. பெண்களுக்கென்று விற்கப்படும் இந்த ஸ்பிரே இந்தியாவில் பெரும் செய்தியானது 2014 பிப்ரவரி 13 அன்று. நிர்பீக் வந்த அடுத்த மாதம். அடித்தவர் ஓர் ஆண். ஆந்திரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் எல். ராஜகோபால். இடம் மக்களவை. தெலங்கானா மசோதாவை எதிர்த்து அவர் அடித்ததில் உறுப்பினர்கள் சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: ஆயுதம் யாருக்கு எதிராக? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் புரட்டுங்கள். பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். பெண்களுக்கு எதிரான குற்றங்களில் ஆண்டுதோறும் முதலிடத்தில் நிற்பது கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமை. வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டிவிடுகிறோமே, நம்மில் பலருக்கு ஆபத்து அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

சட்டமும் அந்த வாசற்படியில் நின்றுவிடுகிறது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு, வல்லுறவு நோக்கத்தோடு தாக்குகிறவனிடமிருந்து காத்துக்கொள்ள அவன் உயிரைப் போக்கும் அளவுக்கும் உரிமை தருகிறது. அதே சட்டத்தின் 63ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிறைந்த மனைவியிடம் கணவன் நடத்துவது வல்லுறவே ஆகாது என்கிறது. இந்த விலக்கை நீக்கச் சொல்லி நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியிலேயே பரிந்துரைத்தது. விலக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. அந்தக் குழு அறிக்கை கொடுத்து ஓராண்டு கழித்து நமக்குக் கிடைத்தது நிர்பீக்.

ஓரிக்கை என்ற பெயருக்கே ஒரு கதை சொல்வார்கள். திருமழிசையாழ்வாரின் அருளால் இளமை பெற்ற ஒரு கிழவியை மன்னன் மணந்துகொண்டான். தனக்கும் இளமை வேண்டுமென்று கேட்டான். ஆழ்வாரை அழைத்துவர மறுத்த சீடன் கணிகண்ணனை நாடு கடத்தினான். சீடனோடு ஆழ்வாரும், அவர் சொல் கேட்டுப் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் காஞ்சியைவிட்டுக் கிளம்பி வந்து ஓர் இரவு தங்கிய இடம் இது. ஓர் இரவு இருக்கை, ஓரிக்கை. மூன்று ஆண்கள் வெட்டவெளியில் ஓர் இரவு இருந்ததால் ஓர் ஊரே பிறந்துவிட்டது. அரண்மனையில் அந்தப் பெண்ணுக்கு அந்த இரவு எப்படிக் கழிந்தது என்று கதை சொல்வதில்லை.

பெண்கள் வெட்டவெளியில் இரவைக் கழித்த கதை ஒன்றும் எங்கள் மாவட்டத்தில் உண்டு. 2021 டிசம்பர் 17 இரவு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் கைப்பேசி பொருத்தும் இளம்பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பெருந்திரளாக உட்கார்ந்துவிட்டார்கள். விடுதிச் சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்ட தோழிகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியோடு, மறுநாளும் எழாமல் உட்கார்ந்தார்கள். நிர்வாகம் ஆலையை மூடிவைக்க வேண்டியதாயிற்று. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அந்தப் பெண்கள் யார் பையிலும் துப்பாக்கி இருந்திருக்காது.

போன வாரம் என் பையில் உருளையைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், நாங்களும் வாங்கட்டுமா?" வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்னோடு இருட்டில் நடந்து வராத யாருக்கும் அந்த உரிமை இல்லை. "வாங்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி, உங்க ஸ்டாப்பில் உங்களோட இறங்குறது யார் யாருன்னு பெயர் எழுதிக்கிட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் ஒரு தாள் வந்தது. ஓரிக்கைக்கு மட்டும் ஏழு பெயர்கள். நான்காண்டுகளாக ஒரே வண்டியில் வந்து, ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள். எட்டாவதாக என் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். இப்போது கடைசி ஆள் இறங்கும்வரை எல்லோரும் நிற்கிறோம். தெருவிளக்குகளுக்காக மனு எழுதியபோது எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம். அம்மா தன் பங்குக்குத் தெருப் பெண்கள் முப்பது பேரிடம் வாங்கி வந்தார். இரண்டில் ஒன்று எரிகிறது. மற்றதற்கு இன்னொரு மனு தயாராகிறது.