கதவைத் திறப்பவர்கள்: வானூர் வட்டாரத்தில் ஒரு நாள்

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே நடந்தால், தடுப்பார் எவருமின்றி மாநிலம் மாறிவிடுகிறது. கடைப் பலகைகளில் 'வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்' என்ற எழுத்துக்களைக் கண்ட பிறகே, கோட்டக்குப்பத்திற்குள் வந்துவிட்டோம் என்று புதியவர்கள் உணர்கிறார்கள். வானூர் என்னும் ஊர் கடற்கரையில் இல்லை. சற்று உள்ளே, மயிலம் செல்லும் சாலையில் இருக்கிறது. ஆனால் அதன் பெயரைத் தாங்கிய வட்டமோ, செம்மண் மேடுகளிலிருந்து இறங்கி வந்து வங்கக் கடலில் கால் நனைக்கிறது.

கோட்டக்குப்பத்தில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றிற்காகச் சென்றிருந்தேன். விருந்து முடிந்த மறுநாள், சுபுஹ் தொழுகைக்குப் பின் மச்சான் என்னை ஊர் பார்க்க அழைத்துச் சென்றார். முஸ்லிம்கள் நிறைந்து வாழும் கடலோர ஊர் இது. நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்து, 2021 ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று. கடலையும் சந்தையையும் பார்த்தாயிற்று. "இவ்வூரின் செல்வம் எது என்று கேட்டால், நான் காட்டுவது வேறொன்று" என்று கூறி, மச்சான் என்னை ஒரு நூலகத்தின் பெயர்ப் பலகை முன் நிறுத்தினார்.

அஞ்சுமன் நுஸ்ரத்துல் இஸ்லாம் பொது நூலகம். தொடங்கிய ஆண்டு 1926.

வாசகர்களே, அந்த ஆண்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாடு விடுதலை பெற இன்னும் இருபத்தொரு ஆண்டுகள் இருந்தன. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றி ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னை புதுக் கல்லூரியும் பிறக்க 1951 வரை காத்திருக்க வேண்டும். அத்தகைய காலத்தில், பிரெஞ்சு எல்லையோரத்துச் சிற்றூர் ஒன்றில் சிலர் கூடி, ஊராருக்கு ஒரு வாசிப்பு இடம் வேண்டும் என்று எண்ணியிருக்கிறார்கள். அவர்களை வாழ்த்தாமல் இருக்க முடியுமா?

ஆயினும் அன்று என் உள்ளத்தில் எழுந்த எண்ணம் வேறு. ஒரு நூலகத்தைத் தொடங்குவது ஒரு நாள் வேலை. அதைத் திறந்து வைத்திருப்பது அன்றாட வேலை. காலையில் எவரேனும் ஒருவர் சாவியோடு வரவேண்டும். தூசி தட்ட வேண்டும். நாளிதழ்களைப் பிரித்து மேசையில் பரப்ப வேண்டும். கிழிந்த அட்டைக்குப் பசை தடவ வேண்டும். பள்ளி விட்டு ஓடிவரும் சிறுவனுக்கு அவன் கேட்ட புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். நாட்டில் எந்தக் கல்வி அறநிலையத்தை எடுத்துக்கொண்டாலும், நிலம் கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கும். கட்டடம் திறந்தவர் பெயரும் இருக்கும். சாவியோடு வந்தவர் பெயர் கல்வெட்டில் இராது.

இந்த எண்ணம் எனக்கு அன்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு.

பொன்னாடையும் அடுப்பும்

என் லாத்தா எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் தொடக்கப் பள்ளியில் 24 ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றினார். அரிச்சுவடி முதல் ஐந்தாம் வகுப்புக் கணக்கு வரை அவரிடம் கற்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. திருமணத்திற்கு நான் புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் அவருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. மேடை, மாலை, நினைவுக் கேடயம், பட்டுக்கரை போட்ட பொன்னாடை, "தன்னலமற்ற சேவை" என்று தொடங்கும் வாழ்த்துமடல் எல்லாம் இருந்தன. பணிக்காலத்தின் முடிவில் கைக்கு வரவேண்டிய பணம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

விழா முடிந்து வீட்டிற்கு வந்த லாத்தா, பொன்னாடையை மடித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இதை வைத்தால் அலமாரி நிறையும், அடுப்பு எரியுமா?"

எனக்கு விடை கூற வாய் வரவில்லை. ஏனெனில் அந்தப் பொன்னாடையைப் போர்த்திய கைகளில் என் கையும் ஒன்று. அந்த அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன்.

செம்மண் ஊர்கள்

காலை உணவுக்குப் பின் மச்சானின் வண்டியில் கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி என்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. மேற்கே திரும்பினால் நிலம் மெல்ல உயர்கிறது, மண் சிவக்கிறது. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி முதலிய ஊர்கள். 1968 பிப்ரவரி 28 அன்று இங்கே ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபோது, இம்மேட்டுநிலம் பெரும்பாலும் மரமற்ற வெட்டவெளியாக இருந்தது. மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலுக்கு ஓடுமாம். இன்று சாலையின் இருமருங்கும் காடு.

மரம் வளர்த்த கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பார்க்க விரும்பியது பள்ளிகளை. சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கென்று குயிலாப்பாளையத்தில் ஐக்கியம் பள்ளி, இடையஞ்சாவடியில் உதவி பள்ளி, அவற்றோடு இசை அம்பலம் பள்ளி ஆகியவை ஆரோவில்லைச் சார்ந்து நடந்து வருகின்றன. உழவர், கூலித் தொழிலாளர், கட்டட வேலை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். கற்பிப்பவர்களில் பலரும் வெளியூரார் அல்லர். சுற்று ஊர்களில் பிறந்தவர்களே.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சிற்றூர்ப் பள்ளிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். வகுப்பில் ஒரு பிள்ளை தூங்கி விழுந்தால், வெளியூர் ஆசிரியர் சோம்பேறி என்பார். உள்ளூர் ஆசிரியை, "நேற்று இவன் வீட்டில் தகப்பன் குடித்துவிட்டு வந்து சண்டை" என்று அறிந்திருப்பார். அவனை எழுப்பாமல் விட்டுவிடுவார். எந்தத் தாய் எத்தனை மணிக்குக் களைவெட்டப் போகிறாள், எந்த வீட்டில் விளக்கில்லை, எந்தப் பெண்ணை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிடப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்த அறிவை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் கற்றுக்கொடுக்காது. இப்படிப்பட்டவர் வேலையை விட்டுப் போனால், அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருபவர் பிள்ளைகளின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

நல்ல ஆசிரியர் ஏன் போய்விடுகிறார்? பெரும்பாலும் நானூறு ஐந்நூறு ரூபாய் கூடுதலாகத் தரும் இடத்திற்காக. அறப்பணிக்கு வந்தவர் காசை எண்ணலாமா என்று நாம் முகம் சுளிக்கிறோம். மளிகைக் கடைக்காரர் அவரிடம் காசு எண்ணத்தான் செய்கிறார்!

உப்பு வெளி

நண்பகலுக்குப் பின் மரக்காணம் நோக்கிச் சென்றோம். கோட்டக்குப்பத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இடப்புறம் உள்ளே கழுவெளி ஏரி விரிந்து கிடக்கிறது. வானூர், மரக்காணம் ஆகிய இரு வட்டங்களிலும் பரந்த இவ்வேரியின் 5,151 ஹெக்டேர் பரப்பு, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதைத் தாண்டினால் உப்பளங்கள்.

தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு உப்பளம் அழகு. வெண்ணிறக் குவியல்கள், வானத்தைக் காட்டும் நீர்ப் பாத்திகள். அருகே போனால்தான் உழைப்புத் தெரியும். மழை ஓய்ந்ததும் பாத்திகளின் சேற்றை அள்ளிச் சீராக்குகிறார்கள். பிறகு தரை கெட்டிப்படும்வரை காலால் மிதிக்கிறார்கள். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்ற வைத்து, உப்பு பூத்ததும் வாரிக் குவிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் நின்றுவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, இந்த அளங்கள் வெள்ளக்காடாயின. அளம் மூடினால் கூலி இல்லை.

இக்கரையோரத்திற்குக் கல்வி வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்திருந்த நாளில், தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், அவர்கள் வசிக்கும் இடத்திலேயே பாடம். கற்பித்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதத்திற்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. 1990களில் அறிவொளி இயக்கத்தின் தொண்டர்கள் அந்தத் தொகையும் இல்லாமல் தெருவிளக்கின் கீழ் கற்பித்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அஸருக்குப் பின் உப்பளத்தை ஒட்டிய ஒரு தெருவில், மச்சானுக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். தாய் உப்பளத் தொழிலாளி. மகள் பட்டதாரி, அந்தத் திட்டத்தில் கற்பித்தவள், இப்போது ஒரு தொண்டு அமைப்பின் மாலை வகுப்பில் பணியாற்றுகிறாள். திண்ணையில் பதினைந்து இருபது பிள்ளைகள் அமர்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதில் உனக்கு என்னம்மா கிடைக்கிறது?" என்று கேட்டேன்.

"பிள்ளைங்க படிக்குதுங்க ஐயா. போன வருஷம் எழுத்துக்கூட்டத் தெரியாத பொண்ணு, இந்த வருஷம் அவங்க அம்மாவுக்கு ரேஷன் கடைப் பலகையைப் படிச்சுக் காட்டுது" என்றாள்.

நான் கேட்டது சம்பளத்தை. அவள் கூறியதோ வேறு விடை. தாய்தான் குறுக்கிட்டாள். அவளுடைய பாதங்கள் உப்பில் வெடித்து வெளுத்திருந்தன.

"மழைக்காலத்துல எனக்கு அளம் மூடிடும். மே மாசம் லீவு விட்டா இவளுக்குச் சம்பளம் கிடையாது. ஊருக்கெல்லாம் வருஷத்துல ஒரு மழைக்காலம் ஐயா. எங்க வீட்டுக்கு ரெண்டு."

மகள் வெட்கத்தோடு, "சும்மா இரும்மா" என்றாள். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டிற்குப் போய்விட்டார்கள். நான் தலைகுனிந்திருந்தேன். எங்கள் பள்ளியிலும் மே மாதத்திற்குச் சம்பளம் இல்லை. அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மஃரிபுக்குப் பின் கோட்டக்குப்பம் திரும்பும் வழியில், மச்சானிடம் லாத்தாவின் கதையைச் சொன்னேன். கணக்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "உங்கள் பள்ளியில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்றார். பதினான்கு என்றேன். "அப்படியானால் அது தர்மம் அல்ல மச்சான், கடன்" என்றார்.

அவர் விளக்கியதை இல்லந்தோறும் அறிந்திருப்பது நல்லது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தில், ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் உழைத்து ஓய்வு பெறுபவருக்குப் பணிக்கொடை தரவேண்டும் என்று 1972 ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. ஆசிரியர் அதற்குள் வருவாரா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 2009 ஆம் ஆண்டுத் திருத்தம், ஆசிரியருக்கும் 3.4.1997 முதலே அவ்வுரிமை உண்டு என்றாக்கியது. தனியார் பள்ளிகள் வழக்காடின. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கணக்கும் எளிது: கடைசி மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, அதைப் பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 24 ஆண்டுகள் உழைத்தவருக்கு ஏறத்தாழ 14 மாதச் சம்பளம்!

பதினான்கு மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு, நாங்கள் லாத்தாவுக்கு ஒரு பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். வியர்வை உலருமுன் கூலி என்ற பாடத்தைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

கல்விக்குக் கொடுப்பதில் நம் சமுதாயம் கஞ்சத்தனம் செய்வதில்லை. கட்டடத்திற்கு என்றால் செங்கல் வாங்கித் தருகிறோம். மின்விசிறியில் பெயர் எழுதி மாட்டுகிறோம். இனி நன்கொடை கேட்டு வருபவர்களிடம் மூன்று கேள்விகளையும் அன்போடு கேட்போம்: ஆசிரியருக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் உண்டா? ஓய்வு பெறும் நாளில் அவர் கைக்கு என்ன வரும்? பெருக்குபவருக்கும் காவலருக்கும் அதே நியாயம் உண்டா? "நிதி இல்லை" என்று அவர்கள் சொன்னால் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். இந்தத் தொகையைச் சம்பளத்திற்கே வைத்துக்கொள்ளுங்கள், மின்விசிறியில் என் பெயர் வேண்டாம் என்று கூறிக் கொடுப்போம்.

மறுநாள் காலை புறப்படுமுன் மீண்டும் அந்த நூலகத்தின் பக்கம் போனேன். 1926 இல் ஏற்றிய விளக்கு இன்றும் எரிகிறதென்றால், நாள்தோறும் எண்ணெய் ஊற்றிய கைகள் இல்லாமல் அது நடந்திராது. அக்கைகளுக்கு மனத்திற்குள் ஒரு ஸலாம் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

ஊர் சேர்ந்த அன்றே நிர்வாகக் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் இரண்டு பொருள்களைச் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன்: ஒன்று, மே மாதச் சம்பளம். மற்றொன்று, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்கு நாம் தரவேண்டிய பாக்கி. கடிதத்தின் நகலை லாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். பின்பு, பழைய வழக்கப்படி, சிவப்புப் பேனாவை எடுத்து ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.