ஐந்தாவது குட்டி

நான் இரட்டையில் ஒருத்தி. கூடப் பிறந்தவள் ஒன்பதாம் நாளே போய்விட்டாள், பெயர் வைப்பதற்கு முன்பே. சின்ன வயதில் நான் சாப்பிட அடம்பிடித்தால் அத்தை சொல்வாள்: "அவ பங்குப் பாலையும் சேத்துக் குடிச்சவதானடி நீ, இப்ப என்ன?" விளையாட்டாகத்தான் சொல்வாள். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

போன மாதம் தூக்கம் வராத ஓர் இரவில் டாஸ்மேனியன் டெவில் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தேன். கார்ட்டூனில் சுழன்று சுழன்று வருமே, அதேதான். நிஜத்தில் சின்ன நாய் அளவு. கங்காரு மாதிரி வயிற்றில் பை உண்டு. மூன்று வாரக் கர்ப்பம். ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள், ஒவ்வொன்றும் அரிசி அளவு. கண் திறக்காத அந்த அரிசிகள் தாயின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு பைக்குள் ஊர்கின்றன. உள்ளே இருக்கும் காம்புகள் மொத்தம் 4. வாய் வைத்ததும் காம்பு வாய்க்குள்ளேயே வீங்கிக்கொள்ளும். மூன்று மாதத்துக்குப் பிடி விடாது. ஐந்தாவதாக வந்து சேரும் குட்டிக்கு ஒன்றும் இல்லை.

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

மறுநாள், இதே மாதிரி வேறு உயிர்கள் உண்டா என்று தேடினேன். (என்ன பைத்தியக்காரத்தனம்!) அப்படிக் கிடைத்ததுதான் வட அட்லாண்டிக்கில் வாழும் வெல்க் என்ற கடல் நத்தை. அதன் முட்டைப் பைகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு, பழைய பஞ்சு மாதிரி கரையொதுங்கும். அந்தக் காலத்து மாலுமிகள் அதை வைத்து உடம்பு தேய்த்துக் குளித்திருக்கிறார்கள். ஒரு பைக்குள் ஆயிரத்துக்கு மேல்கூட முட்டைகள் இருக்கும். நூற்றுக்கு ஒன்று தேறினாலே அதிகம். தேறியவை மற்ற முட்டைகளைத் தின்று வளர்ந்து, குட்டி ஓட்டோடு வெளியே வரும்.

குமட்டியது. அத்தை சொன்ன நான் இதுதானே?

ஆனால் மேலே படித்தால், தின்னப்படுபவை வளரவே போகாத முட்டைகள். செவிலி முட்டைகள் என்றே அவற்றுக்குப் பெயர். அம்மா கட்டிக்கொடுத்த சோறு, அவ்வளவுதான். கேட்பதற்கு நத்தை கதைதான் கொடூரம். எனக்குத் தூக்கம் போனதோ டெவிலால். அங்கே யாரும் யாரையும் தின்னவில்லை. ஐந்தாவது குட்டி உயிரோடுதான் வந்தது. இடம்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் போட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நேராகவே கேட்டேன்.

"அவ குடிக்கவே இல்லடி. சப்பத் தெம்பு இல்ல. பஞ்சுல நனைச்சு நாக்குல வெச்சேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

"பால் நெறைய இருந்துச்சு. நீ குடிச்சும் மிஞ்சிச்சு. கட்டிக்கிட்டு வலி தாங்காம, பீச்சிப் பீச்சிக் கீழ ஊத்தினேன்."