வாப்பாவின் அறைக்கு இரண்டாவது சீலிங்

போன மாதம் எங்கட வீட்டில் ஒரு சீலிங்கைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டோம். கலகெதரயில் இப்போது நிறையப் பேர் ஜிப்சம் போர்ட் சீலிங் போடுகிறார்கள். எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததிலிருந்து பகல் முழுக்க அறையில்தான். மேலே தகரச் சீட். லுஹருக்குப் பிறகு அந்த அறைக்குள் நிற்க முடியாது. சீலிங் போட ஒரு பாஸைப் பிடித்தோம். சதுர அடிக் கணக்கில் அவர் சொன்ன விலை மற்றவர்களைவிடக் குறைவு. அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அறை 18 அடி நீளம், 12 அடி அகலம். நடுவில் ஒரே ஒரு மர ட்ரஸ். இரண்டு பக்கமும் சுவர் வரைக்கும் 9 அடிக்கு ஒன்றுமே இல்லை. அந்த பாஸ் 9 மில்லிமீற்றர் போர்ட் எடுத்தார். அதைத் தாங்கும் சனல்களை இரண்டரை அடிக்கு ஒன்றாக வைத்தார். தொங்கும் கம்பிகளைத் தகரம் அடித்திருக்கும் மெல்லிய குறுக்குச் சட்டங்களிலேயே கட்டினார். இரண்டு நாளில் வேலை முடிந்தது. பார்க்க வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது.

ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து பார்க்கிறேன், வாப்பாவின் கட்டில் சுவரோரம் கிடக்கிறது. "ஏன் உம்மா தள்ளின?" என்று கேட்டேன். உம்மா பேசவில்லை, மேலே கையைக் காட்டினார். நடுவில் போர்ட் வயிறு மாதிரித் தொங்குகிறது, மூட்டெல்லாம் வெடிப்பு. வாப்பாதான் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். கை விளங்காத மனுஷனும் உம்மாவுமாகக் கட்டிலைத் தள்ளியிருக்கிறார்கள்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வேறொரு பாஸ் வந்தார். வயசாளி. போர்ட்டைப் பார்க்க முதல் ஏணி வைத்து மேலே ஏறி ட்ரஸ்ஸைப் பார்த்தார். இறங்கி வந்து, "சேர், இது போர்ட்ட பிழையில்ல. போர்ட்டுக்கு மேல ஒன்டுமில்ல" என்றார்.

அவர் சொல்லித் தந்ததைச் சொல்கிறேன். வெயிலில் தகரம் விரியும், இரவில் சுருங்கும், காற்றுக்குத் தூக்கும். அதைப் பிடித்திருக்கும் சட்டமும் சேர்ந்து அசையும். அதில் சீலிங்கைக் கட்டினால் மூட்டு வெடிக்காமல் என்ன செய்யும்? சீலிங்கின் பாரம் ட்ரஸ்ஸுக்கும் சுவருக்கும்தான் போக வேண்டும். 12.5 மில்லிமீற்றர் போர்ட், எட்டுக்கு நாலு அடி, ஒன்று ஏறத்தாழ 25 கிலோ. எங்கள் அறைக்கு ஏழு போர்ட், 175 கிலோ. கணிதம் படிப்பிக்கிற நான் இந்தப் பெருக்கலை முதலிலேயே செய்து பார்க்கவில்லை.

ட்ரஸ்ஸிலிருந்து இரண்டு பக்கச் சுவருக்கும் நாலு அடிக்கு ஒன்றாக நாலுக்கு ரெண்டு மரம், நிமிர்த்தி வைத்து, புதிதாகப் போட்டார். ட்ரஸ்ஸின் அடிச்சட்டம் இழுவையைத் தாங்கப் போட்டது, நடுவில் பாரம் ஏற்றினால் வளையும் என்று, இயன்றவரை சாய்வுச் சட்டங்கள் வந்து சேரும் மூட்டுகளுக்குக் கிட்டவே அந்த மரங்களை வைத்தார். மூட்டுகளுக்கு இரும்புப் பட்டையும் அடித்தார். அந்த மரங்களிலிருந்து கம்பி, கம்பியில் பெரிய சனல், அதற்குக் கீழே 16 அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்னச் சனல். அதற்குப் பிறகுதான் போர்ட். சனலுக்குக் குறுக்காக, மூட்டுகள் ஒரே கோட்டில் வராமல். மூட்டுக்கு டேப்பும் பூச்சும். செலவு முதல் தடவையைவிடக் கூடத்தான், கழற்றின கூலி வேறு.

இன்னொன்று, சீலிங் மூடுவதற்கு முதல் ஒரு நல்ல மழை பார்த்துவிடுங்கள். ஆணி ஓட்டையால் ஒழுகினால் போர்ட்டின் கடதாசி பூசணம் பிடித்துவிடும்.

வேலை நடக்கும்போது வாப்பா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பாஸ் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் என்னைக் கூப்பிட்டார்.

"மகன், அது என்ட பிழை. அந்த நேரம் ஓடாவி மூணு ட்ரஸ் கேட்டார். நான் ஒன்டு போதும் எண்டு செல்லிட்டன்."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க அட்டாளைச்சேனைக்குப் போற வருஷம்."

நான் கல்வியியற் கல்லூரிக்குக் கொண்டு போன பெட்டி, வெள்ளைச் சேர்ட், மாதா மாதம் பஸ் காசு எல்லாம் எங்கிருந்து வந்தது என்று அந்த வயதில் நான் கேட்டதே இல்லை. வாப்பாவுக்கு அன்றைக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், பாஸுக்குக் கம்பி எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

கட்டில் இப்போது பழையபடி அறை நடுவில். முதல் நாள் அஸருக்குப் பிறகு படுத்தபடியே மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தின அங்குலத்துக்கு ஒரு சனல் எண்டார்?"

"பதினாறு வாப்பா."

"ஆ" என்றவர், சுவரிலிருந்து விரலால் எண்ணத் தொடங்கினார்.