அகத்தியர் மலையும் மூளையின் காந்தமும்

திருவனந்தபுரத்தில் காந்தத்தை அளக்கும் மரபு தும்பா ஏவுதளத்தைவிட மூத்தது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் நிறுவிய வானாய்வகத்துக்கு, 1852-இல் ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இயக்குநராக வந்தார். விண்மீன்களைவிடக் காந்த ஊசியின் நுண்ணிய அசைவுகளே அவரை ஈர்த்தன. அந்நகர் காந்த நடுக்கோட்டுக்கு அருகே அமைந்திருந்தது அவருக்குப் பெரும் வாய்ப்பு. நூறாண்டுகளுக்குப் பின், 1963-இல் தும்பாவில் முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும் அதே இருப்பிடமே காரணமாயிற்று.

பிரவுன் நகரத்து அளவீட்டோடு நிறைவடையவில்லை. யானைகள் உலவும் காட்டைக் கடந்து, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையில் இரண்டாவது ஆய்வகம் ஒன்றையும் அமைத்தார். கீழும் மேலும் ஒரே நேரத்தில் அளந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் ஒன்றுபோல் தெரிவது தொலைவிலிருந்து வருவது. வேறுபடுவது அந்தந்த இடத்துக்கு உரியது.

இதே தருக்கம் இன்று மனித மூளையை அளக்கவும் பயன்படுகிறது. பல்லாயிரம் நரம்பணுக்கள் ஒருசேர இயங்கும்போது எழும் காந்தப்புலம், தலைக்கு வெளியே ஏறத்தாழ 100 ஃபெம்டோடெஸ்லா. திருவனந்தபுரத்தில் புவியின் காந்தப்புலம் அதைப் போல ஏறத்தாழ 40 கோடி மடங்கு. பிரவுன் ஆர்வத்தோடு தேடிய அன்றாட ஏற்றத்தாழ்வுகூட மூளையை அளப்பவருக்கு வெறும் இரைச்சல். ஒருவருக்குச் செய்தியாக இருப்பது மற்றவருக்கு இடையூறாகிறது.

1968-இல் டேவிட் கோஹென் செம்புக் கம்பிச் சுருளால் மூளையின் காந்தத்தை முதன்முதலில் பதிவு செய்தார். 1972-இல் காந்தத் தடுப்பறைக்குள், ஸ்குவிட் எனப்படும் மீக்கடத்தி உணரியைக் கொண்டு அதைத் தெளிவாகவே கண்டார். அவ்வுணரிக்குத் திரவ ஹீலியத்தின் குளிர், அதாவது −269 பாகை, வேண்டும். பல கருவிகளில் எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரு சுருள்கள், ஒன்று தலையருகிலும் மற்றொன்று சற்று விலகியும் இருக்கும். தொலைவிலிருந்து வரும் புலம் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக விழுந்து கழிந்துவிடும். மூளையின் புலம் எஞ்சும். மலையும் நகரமும் சில சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிட்டன எனலாம்.

இத்தனை பாடு எதற்கு என்பதற்கான விடையும் அதே நகரத்தில் உண்டு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் 1995 முதல் வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சை நடைபெற்று வருகிறது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும்கூடக் குடும்பங்கள் அங்கே வந்து காத்திருக்கின்றன. வலிப்பு உள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்து போதிய பயன் தருவதில்லை. அவர்களுள் சிலருக்கு எம்.ஆர்.ஐ. படமும் குறையேதும் காட்டுவதில்லை. எங்கே வெட்டுவது? சற்றுத் தவறினால் பேச்சோ நினைவோ போய்விடக்கூடும்.

ஈ.ஈ.ஜி. அளக்கும் மின்னழுத்தத்தை மண்டையோடு கலைத்துவிடுகிறது. காந்தப்புலமோ பெரிதும் சிதையாமல் வெளியேறுகிறது. எனினும் எம்.ஈ.ஜி. எல்லாவற்றையும் காண்பதில்லை. மூளை மடிப்புகளின் சுவர்களில் ஓடும் மின்னோட்டங்கள் அதற்கு நன்கு புலப்படுகின்றன. மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஓடுபவை பெரும்பாலும் நழுவிவிடுகின்றன. ஆகவே இரண்டும் போட்டியாளர் அல்ல, ஒன்றையொன்று சரிபார்க்கும் சாட்சிகள்.

இந்தியாவில் இத்துறை புதிதன்று. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஸ்குவிட் உணரிகளைத் தானே உருவாக்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸில் எம்.ஈ.ஜி. மையம் இயங்குகிறது. ஆயினும் இக்கருவி உள்ள இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இறக்குமதி ஹீலியமும் தடுப்பறையின் செலவும் அதற்கு முக்கியக் காரணங்கள். ரூபிடியம் ஆவியில் லேசர் ஒளியைச் செலுத்தி அளக்கும் புதிய உணரிகளுக்கு ஹீலியம் வேண்டாம். தலைக்கவசம்போல் அணியலாம், அசையாதிருக்க இயலாத குழந்தையையும் அளக்கலாம். தடுப்பறை மட்டும் இன்னும் தேவைப்படுகிறது.

எனவே இனி எழும் வினா இயற்பியலுக்கு மட்டும் உரியதன்று. ஓர் ஊசியின் அசைவை அறிய, 19-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு ஒரு மலைமேல் ஆய்வகம் அமைக்கத் துணைநின்றது. அதன் பயன் என்னவென்று அன்று எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்றோ பயன் கண்முன்னே, மருத்துவமனையின் காத்திருப்போர் இருக்கையில், தாயின் மடியில் தலைசாய்த்துப் படுத்திருக்கிறது.