தேர்வு எழுதும் தளங்கள்

நுழையும்முன்

கற்றல் இன்று வகுப்பறையைக் கடந்து திறன்பேசியின் திரைக்கும் வந்துவிட்டது. திரையில் விரியும் கல்வித் தளம் நல்லதா என்பதை எவ்வாறு அறிவது? அதனை மதிப்பிடும் தகுதி யாருக்கு உண்டு? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இவ்வுரைநடை.

மாணவர் தேர்வு எழுதுவதும் ஆசிரியர் திருத்துவதும் காலங்காலமாக நடந்து வருவன. கற்பிக்கும் கருவியையே தேர்வுக்கு உட்படுத்தும் வழக்கம் அவ்வளவு பரவலாக இல்லை. கரும்பலகைக்கு அது தேவைப்படவும் இல்லை. எழுத்துத் தெரியவில்லை என்றால் கடைசி இருக்கை மாணவர் எழுந்து சொல்வார். ஆசிரியர் பெரிதாக எழுதுவார். இணையவழிக் கல்வித் தளத்தில் அவ்வாறு எழுந்து சொல்ல வழியில்லை. உருவாக்கியவர் எங்கோ இருக்கிறார். பயன்படுத்துபவர் வீட்டில் தனியே அமர்ந்திருக்கிறார். பெருந்தொற்றினால் 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தத் தொலைவு பலருக்கும் புலப்பட்டது. தளத்தின் குறையால் பாடத்தைத் தவறவிட்ட மாணவர், 'எனக்குத்தான் தெரியவில்லை' என்று தம்மையே நொந்துகொள்வதும் உண்டு. கருவியின் பிழை கற்பவரின் பிழையாகக் கருதப்படுவது சிறிய இழப்பன்று.

குறை கேட்கும் இடம்

கணினிவழிக் கற்பித்தலின் முன்னோடிகளுள் ஒன்று 'பிளேட்டோ'. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டில் இப்பணி தொடங்கியது. பயனர்கள் தாம் கண்ட குறைகளை எழுதிவைக்க அதில் ஒரு பொதுக்கோப்பு இருந்தது. அக்கோப்பை எவரும் திருத்தலாம். பிறர் எழுதியதை அழித்தும் விடலாம். இதற்கு மாற்றாக ஒரு நிரல் எழுதும் பணி, அங்கு மாணவராக இருந்த டேவிட் வூலியிடம் தரப்பட்டது. 1973ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய 'நோட்ஸ்' நிரலில், எழுதியவர் பெயரும் நேரமும் குறிப்போடு பதிவாயின. ஒவ்வொரு குறிப்பின் கீழும் மறுமொழி எழுத இடமும் இருந்தது. விரைவில் பயனர்கள் பாடங்களைப் பற்றியும் பிற செய்திகளைப் பற்றியும் அங்கு உரையாடத் தொடங்கினர். இணையவழிக் கூட்டு உரையாடலின் தொடக்கக் கால வடிவங்களுள் ஒன்று, குறை கேட்பதற்கென அமைந்த இடத்திலிருந்தே வளர்ந்தது.

எண்ணிக்கை சொல்லாதவை

தளம் நன்றாக இயங்குகிறது என்பதற்குச் சான்றாக எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை முறை உள்நுழைந்தனர் என்னும் எண்களையே பலரும் காட்டுவர். 2012ஆம் ஆண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் இணையத்தில் நடத்திய மின்சுற்றுகள் பற்றிய பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்தனர். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. முதல் எண்ணைப் பார்த்தால் பெருவெற்றி. இரண்டாம் எண்ணைப் பார்த்தால் பெருந்தோல்வி. உண்மை எது? ஆர்வத்தால் எட்டிப் பார்த்தவர், தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் கற்றவர், தொடர இயலாமல் தவித்தவர் ஆகியோரை எண்ணிக்கை பிரித்துக் காட்டுவதில்லை. அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

கூட்டுக் கற்றலிலும் இதே நிலைதான். நான்கு மாணவர் சேர்ந்து ஓர் ஆவணத்தை எழுதுவதாகக் கொள்வோம். ஒருவர் எழுதுகிறார்; ஒருவர் திருத்துகிறார்; மற்ற இருவர் திறந்து பார்த்துவிட்டு மூடுகின்றனர். பதிவேடு நால்வரும் பங்கேற்றதாகச் சொல்லும். அக்காளும் தம்பியும் ஒரே திறன்பேசியில் படித்தாலோ, இருவரையும் ஒருவராகவே அது எண்ணும்.

அருகிருந்து காணுதல்

எனவே, பயனரின் அருகிலிருந்து காண்பதே மதிப்பீட்டின் முதற்படி. 'விடையை எழுதிப் படம் எடுத்துப் பதிவேற்றுக' என்பதுபோல் உண்மையான ஒரு பணியை மாணவரிடம் தருவர். செய்யும்போது மனத்தில் தோன்றுவதை உரக்கச் சொல்லுமாறு கேட்பர். 'பொத்தான் எங்கே? விசைப்பலகை மறைத்திருக்கிறதோ? படம் பெரியது என்று வருகிறது, எப்படிச் சிறிதாக்குவது?' என்று மாணவர் சொல்லச் சொல்ல, அவர் எங்கே நின்றார், எதைத் தவறாக அழுத்தினார் என்பதைப் பார்ப்பவர் குறித்துக்கொள்வார்.

அப்போது உதவாமல் இருப்பதே பார்ப்பவருக்குக் கடினமான செயல். ஆசிரியராக இருப்பின் அது இன்னும் கடினம். தடுமாறும் மாணவருக்கு வழிகாட்டக் கை தானாக நீளும். வழிகாட்டிவிட்டால் குறை மறைந்துவிடும். 'புரிந்ததா?' என்று கேட்பதும் பயன் தராது. 'புரிந்தது ஐயா' என்னும் விடை பெரும்பாலும் மரியாதையால் வருவது. சோதிக்கப்படுவது தளமே, தாம் அல்லர் என்பதையும், மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதையும், விரும்பினால் இடையில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதையும் மாணவரிடம் முன்னரே தெளிவுபடுத்த வேண்டும்.

இத்தகைய ஆய்வில் ஐந்து பயனர்களைக் கவனித்தாலே குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்படும் என்று ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். இக்கருத்தை மறுப்போரும் உளர். எண்ணிக்கை எதுவாயினும், அந்த ஐவர் யார் என்பது முதன்மையானது. விரைவான இணைப்புள்ள நகர மாணவர் ஐவர், அலைவரிசை கிடைக்காத மலையூர் மாணவருக்காகப் பேச இயலாது. கண்பார்வையற்ற மாணவருக்காகவும் பேச இயலாது.

பத்துக் கூற்றுகள்

கண்டதோடு கருத்தையும் கேட்க வேண்டும். அதற்கென ஜான் புரூக் 1986ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பத்துக் கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். ஒவ்வொரு கூற்றுக்கும் எந்த அளவு உடன்படுகிறார் என்பதைப் பயனர் 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். ஒரு கூற்று கருவியைப் பாராட்டும்; அடுத்தது குறை சொல்லும். படிக்காமல் அனைத்திற்கும் 5 என்று குறித்தவரின் விடை 100க்கு 50 என்றே முடியும். எல்லாவற்றிற்கும் தலையாட்டும் இயல்பை அறிந்து அமைக்கப்பட்ட அளவுகோல் இது.

எது கடினமாக இருக்கலாம்?

எளிமை மட்டுமே கல்வித் தளத்தின் இலக்காகிவிடாது. முயன்று தீர்க்க வேண்டிய கணக்கு கடினமாகவே இருக்கலாம். அக்கடினத்தில்தான் கற்றல் நிகழ்கிறது. கணக்கைத் திறக்கும் வழி கடினமாக இருத்தல் ஆகாது. ஆகவே பாடத்திற்கு முன்பும் பின்பும், சில வாரங்கள் கழித்தும், மாணவர் அறிந்தது என்ன என்பதையும் அளந்தால்தான் மதிப்பீடு முழுமை பெறும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்றைத் தோழர் ஒருவர் திறப்பதை உதவாமல் உடனிருந்து பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறார்? ஏன்? என்ன செய்ய முயன்றார், எதை எதிர்பார்த்தார், நடந்தது என்ன என்னும் மூன்றையும் எழுதினால், உருவாக்குவோர் பயன்படுத்தத்தக்க மதிப்பீட்டுக் குறிப்பு அமைந்துவிடும். தடுமாறிய இடத்தைத் தயங்காது சொல்லும் மாணவர், தமக்குப் பின் வரும் ஆயிரம் மாணவர்க்கு வழியைச் செப்பனிடுகிறார்.