எட்டில் ஒரு பங்கு

நமக்குப் பத்து வயதாயிருந்த 1980-ஆம் ஆண்டளவில், நம் தெருவில் நமக்கென ஒரு பெருமை இருந்தது. சபுராளிகளின் வீடுகளுக்கு வரும் கடிதங்களைப் படித்துக்காட்டும் பிள்ளை நாமே. பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் நீலத் தாள்களைப் பிரித்துத் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்போம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் பெண்மணிகள் முடிவில் ஒரு வாழைப்பழம் தருவார்கள். ஒரு வீட்டின் பணமுடையைப் படித்துவிட்டு, அதைத் தோழர்களிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு. அடுத்த கடிதத்திற்கு அவ்வீட்டார் நம்மை அழைக்கவில்லை. ஏனென்று அன்று நமக்கு விளங்கவில்லை.

தொடக்க முதலே நம்மை அழைக்காத வீடு ஒன்று இருந்தது. அது நம் ஆசிரியப் பெருந்தகை ஹஜ்ரத் அவர்களின் வீடு. அவர்களின் துணைவியார் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். தமிழெழுத்து ஒன்றும் அறியாதவர். ஆயினும் தபால்காரர் கடிதம் கொடுத்ததும் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். இது நமக்குப் பெரும் புதிராயிருந்தது.

ஹஜ்ரத் அவர்கள் 1953-இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறிப் பினாங்கு சென்றார்கள். அங்கே 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சூழ்ந்த தெருக்களில் நம்மவர் கடைகள் நிறைந்திருந்தன. அவற்றுள் ஒரு கடையின் மாடியில் நடந்த மக்தபில், பிள்ளைகளுக்குக் குர்ஆனும் தமிழும் கற்பித்தார்கள். அவர்கள் சென்ற ஆண்டிலேயே மலாயாவின் குடிநுழைவு விதிகள் இறுகின. சிறு ஊதியக்காரர் மனைவி மக்களை அழைத்துக்கொள்வது அரிதாயிற்று. ஆகவே மூன்றாண்டுக்கு ஒருமுறை, நான்கு மாதம் ஊரில் தங்கிச் செல்வதே அவர்களின் குடும்ப வாழ்வாயிற்று.

முதல் விடுமுறையில் வந்தபோது, தம் கடிதங்களை அயலார் படித்துக்காட்ட மனைவி தலைகுனிந்து கேட்க நேர்ந்ததை அறிந்தார்கள். அம்மையார் தமிழ் படிக்க அறியாவிடினும் குர்ஆனைத் தங்குதடையின்றி ஓதுவார். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி, அரபு எழுத்திலேயே தமிழ் எழுதும் அரபுத் தமிழ் நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வமன்றோ! கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் நூல் யாத்த அவ்வெழுத்தை, இரவு விளக்கொளியில் மனைவிக்குக் கற்பித்துவிட்டே கப்பலேறினார்கள். அதன்பின் அவ்வீட்டுக் கடிதத்தை மூன்றாமவர் எவரும் படித்ததில்லை.

1984-இல் ஹஜ்ரத் அவர்கள் நிரந்தரமாக ஊர் திரும்பினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பற்றியதோடு, அந்தக் கடல்வழிப் பயணமும் நின்றுபோயிற்று. ஊர் மத்ரஸாவில் அவர்களிடம் நாம் பராயிள் என்னும் பாகப்பிரிவினைக் கலை பயின்றோம்.

ஒருநாள், பிள்ளைகள் உள்ள ஒருவர் இறந்தால் அவருடைய மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு என்ற பாடம் நடந்தது. கரும்பலகையில் கணக்கை முடித்தவர்கள், சற்று நின்று, அதனருகே வேறொரு கணக்கை எழுதினார்கள்.

“முப்பத்தொரு வருசம். மாதத்தில் 372. நான் ஊரில் இருந்தது பத்துத் தடவை, தடவைக்கு நாலு மாதம். ஆக 40. எட்டில் ஒன்று என்றால் நாற்பத்தாறரை வரணும். மௌத்தானவன் கொடுக்கிற பங்கைக்கூட நான் உயிரோடிருந்து கொடுக்கவில்லை.”

வகுப்பில் எவரும் பேசவில்லை. அவர்களே பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினார்கள். அன்றுமுதல் அஸர் தொழுகைக்குப் பின் அவர்களைக் கவனித்தோம். எவர் அழைத்தாலும் நில்லாமல் வீட்டுக்கு விரைவார்கள். அம்மையாருடன் கொல்லைப்புறத் திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்வதை, புத்தகம் வாங்கச் சென்றபோது நாமே கண்டிருக்கிறோம். குறைந்துபோன ஆறரை மாதத்தை அவர்கள் நாள்தோறும் செலுத்தி வந்ததாகவே இன்று எண்ணுகிறோம்.

1999-இல் ஹஜ்ரத் அவர்கள் மறைந்தார்கள். நாற்பதாம் நாளுக்குப் பின் அவர்களின் மகனார் நம்மை அழைத்து, ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். உள்ளே கட்டுக்கட்டாகக் கடிதங்கள். பிள்ளைகளில் எவருக்கும் அரபுத் தமிழ் படிக்கத் தெரியாது. “நீங்கள் படித்துச் சொன்னால் எழுதி வைத்துக்கொள்வோம்” என்றார். நாமும் ஆசையுடன் கை நீட்டினோம். உள்ளறையிலிருந்து அம்மையாரின் குரல் வந்தது.

“வேணாம் தம்பி. அது எனக்கு எழுதினது.”

கையை மீட்டுக்கொண்டோம். பத்து வயதில் விளங்காதது அன்று விளங்கிற்று. அவ்வெழுத்தைப் பயின்றவரென்ற பெருமை நமக்குண்டு. அக்கடிதங்களைப் படிக்கும் உரிமை நமக்கில்லை.

அம்மையாரும் இப்போது இல்லை. நம் மகனும் இன்று வளைகுடாவில் இருக்கிறான். இரவுதோறும் கைப்பேசித் திரையில் அவன் முகத்தைக் காண்கிறோம். அவன் தன் மனைவியிடம் பேசத் தொடங்கியதும் நாம் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுகிறோம். ஹஜ்ரத் அவர்களிடம் கற்றவற்றுள் இதுவும் ஒரு பாடம்.

அல்லாஹ் அவ்விருவரின் மண்ணறைகளையும் ஒளிமிக்கனவாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.