ஒரு பெல்ட் புதிது, இரண்டு பழசு

மன்னார்குடிப் பக்கம் ஒரு குறுவை விவசாயி. நாற்றுக்கு 25 நாள் ஆகிவிட்டது. பவர் டில்லரோ சேற்றில் இறங்கினால் என்ஜின் மட்டும் இரைகிறது, சக்கரம் நகரவில்லை. ரப்பர் கருகும் வாடை வேறு. மூன்று பெல்ட்டில் அறுந்ததை மட்டும், செலவு மிச்சமென்று, மாற்றியிருந்தார். பழையவை நீண்டு தொய்ந்துவிட்டதால் இழுவை முழுவதும் புதியதன் தலையில் விழுந்தது.

வி-பெல்ட் புல்லிப் பள்ளத்தின் இரு பக்கச் சுவரிலும்தான் பிடிக்க வேண்டும். அடியில் உட்காரக் கூடாது. இவருடைய புல்லியில் அடிப்பள்ளம் பளபளத்தது. அப்படியானால் புல்லியும் தேய்ந்துவிட்டது. புல்லியோடு மூன்று பெல்ட்டையும் ஒரே அளவில், ஒரே செட்டாக மாற்றிய மெக்கானிக், என்ஜின் போல்ட்டைத் தளர்த்தி, முன்னே நகர்த்தி முறுக்கினார். மறுநாள் நடவு ஆட்கள் வந்தபோது வயல் பாதிதான் உழுதிருந்தது.